திருநாவுக்கரசு நாயனார்

திருநாவுக்கரசு நாயனார் கி.பி. 7ஆம் நூற்றாண்டில் தமிழகத்தில் வாழ்ந்த சைவ அடியாரும் புலவரும் ஆவார். அறுபத்து மூன்று நாயன்மார்களுள் ஒருவராகவும் சைவ சமய குரவர் நால்வருள் ஒருவராகவும் போற்றப்படுகிறார். அப்பர், வாகீசர், தாண்டகவேந்தர் என்னும் பெயர்களும் இவருக்கு உண்டு. இவர் பாடியவற்றுள் முந்நூற்றுக்கு மேற்பட்ட பதிகங்கள் இன்று கிடைக்கின்றன. அவை பன்னிரு திருமுறைகளுள் 4, 5, 6ஆம் திருமுறைகளாகத் தொகுக்கப்பட்டுள்ளன.

தலங்கள்தோறும் கால்நடையாகவே சென்று, கோயில் முற்றங்களில் முளைத்த புல்லைச் செதுக்கித் தூய்மை செய்வதைத் தம் தொண்டாகக் கொண்டவர் இவர். முதுமையில் வடக்கே கயிலை மலையைக் காணப் புறப்பட்டுத் தனியே நடந்தார் என்றும், அப்பயணம் தஞ்சாவூரை அடுத்த திருவையாற்றில் நிறைவுற்றது என்றும் பெரிய புராணம் கூறுகிறது. இவர் வாழ்வின் பிற நிகழ்ச்சிகள் பள்ளிப் பாடநூல்கள் வழியாகப் பலரும் அறிந்தவை. ஆதலால் நடைப்பயணங்களுக்கு, குறிப்பாகக் கயிலைப் பயணத்துக்கு, இக்கட்டுரையில் கூடுதல் இடம் தரப்படுகிறது.

வாழ்க்கை வரலாற்றுக்கான சான்றுகள்

இவரது வரலாற்றை அறிய முதன்மையான சான்று இவருடைய பாடல்களே. அடுத்து சுந்தரரின் திருத்தொண்டத்தொகை, நம்பியாண்டார் நம்பியின் நூல்கள், சேக்கிழாரின் பெரிய புராணம் ஆகியவை அமைகின்றன. இவற்றுள் விரிவானது பெரிய புராணம். அதில் நானூற்றுக்கும் மேற்பட்ட செய்யுள்கள் இவருக்கு ஒதுக்கப்பட்டுள்ளன. எனினும் சேக்கிழார் இரண்டாம் குலோத்துங்க சோழன் காலத்தவர். அதாவது நாயனாருக்கு ஏறத்தாழ 500 ஆண்டுகள் பிற்பட்டவர். கீழே கூறப்படும் நிகழ்ச்சிகளுட் பெரும்பாலானவை சைவ மரபு கூறுபவை என்பதை வாசகர்கள் நினைவிற் கொள்ள வேண்டும்.

பிறப்பும் இளமையும்

திருமுனைப்பாடி நாட்டிலுள்ள திருவாமூரில் வேளாளர் குடியில் புகழனாருக்கும் மாதினியாருக்கும் மகனாகப் பிறந்தார். இவ்வூர் இன்றைய கடலூர் மாவட்டத்தில் பண்ணுருட்டிக்கு அருகில் உள்ளது. பெற்றோர் இட்ட பெயர் மருணீக்கியார். தமக்கை திலகவதியார் ஆண்டுகள் சில மூத்தவர். திலகவதியாருக்கு மணம் பேசப்பட்டிருந்த கலிப்பகையார் என்னும் படைத்தலைவர் போர்க்களத்தில் இறந்தார். இதற்கிடையே தந்தையும் தாயும் அடுத்தடுத்து மறைந்தனர். தாமும் உயிர்விடத் துணிந்த திலகவதியார், தம்பியின் பொருட்டு அந்த எண்ணத்தைக் கைவிட்டார்.

இளைஞரான மருணீக்கியார் செல்வத்தின் நிலையாமையை உணர்ந்து அறச்சாலைகளும் தண்ணீர்ப்பந்தல்களும் அமைத்தார் எனப் பெரிய புராணம் கூறுகிறது. வழிப்போக்கர்களுக்காகப் பந்தல் வைத்தவர் பிற்காலத்தில் தாமே வழிப்போக்கர் ஆனதும், தம் பெயரிலேயே அமைந்த பந்தலில் வந்து நின்றதும் கீழே வருகின்றன.

சமண சமயத்தில்

உண்மை காணும் வேட்கையுடன் பல சமய நூல்களையும் ஆராய்ந்த மருணீக்கியார், பாடலிபுத்திரத்தில் (இன்றைய திருப்பாதிரிப்புலியூர்) இருந்த சமணப் பள்ளியில் சேர்ந்தார். அங்கு தருமசேனர் என்னும் பெயருடன் தலைமை நிலைக்கு உயர்ந்தார். தமக்கையோ திருவதிகைக் கோயிலில் அலகிடுதல், மெழுகுதல், மாலை தொடுத்தல் ஆகிய தொண்டுகளைச் செய்து வந்தார்.

சமணத் துறவிகள் ஊர்திகளில் ஏறாமல், உடைமையின்றி, ஊர் ஊராக நடந்து செல்லும் நெறியினர். இன்றும் அவர்கள் அந்நெறியைக் கைவிடவில்லை. நாயனாரின் பிற்கால வாழ்விற் காணப்படும் நடையும், குறைந்த உடைமையும், உடல் துன்பத்தைப் பொருட்படுத்தாத இயல்பும் அப்பள்ளியில் பெற்ற பயிற்சியின் தொடர்ச்சியாக இருக்கலாம். இதற்கு நேர்ச்சான்று இல்லை, ஊகமாகவே கொள்ளத்தக்கது.

பின்னர் அவருக்குக் கொடிய சூலைநோய் கண்டது. பள்ளியிற் செய்த மருத்துவம் பலன் தரவில்லை. நோய் பொறுக்க இயலாமல் இரவோடு இரவாகத் திருவதிகைக்கு நடந்து சென்று தமக்கையை அடைந்தார். திலகவதியார் திருநீறு அளித்துக் கோயிலுக்கு அழைத்துச் சென்றார். அங்கு கொல்லிப் பண்ணில் பாடிய பதிகமே இவரது முதற் பதிகம் என்பது மரபு. நோய் நீங்கியது. நாவுக்கரசு என்னும் பெயரும் அப்போது வந்தது.

இவர் சமயம் மாறியதை அறிந்த பல்லவ மன்னன் இவரைப் பலவாறு துன்புறுத்தியதாகப் பெரிய புராணம் விரிக்கிறது. ஏழு நாள் நீற்றறையில் அடைத்தல், நஞ்சு ஊட்டுதல், யானையை ஏவுதல், கல்லிற் கட்டிக் கடலில் எறிதல் ஆகியன அவை. கல்லே தெப்பமாகத் திருப்பாதிரிப்புலியூர்க் கரையை அடைந்தார் என்றும், பின்னர் மன்னனும் சைவனாகித் திருவதிகையில் குணபரவீச்சரம் என்னும் கோயிலைக் கட்டினான் என்றும் கூறப்படுகிறது. குணபரன் என்பது முதலாம் மகேந்திரவர்மனின் பட்டப்பெயர். அவன் வேற்று நெறியிலிருந்து இலிங்க வழிபாட்டுக்குத் திரும்பியதைக் குறிப்பாகச் சொல்லும் கல்வெட்டு திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டைக் குடைவரையில் உள்ளது. நாயனார் காலத்தை 7ஆம் நூற்றாண்டின் முற்பகுதியாகக் கணிப்பதற்கு இதுவே முக்கிய ஆதாரம். துன்புறுத்தல் பற்றிய செய்திகளுக்குச் சைவத் தரப்பின் நூல்களே உள்ளன என்பதையும் இங்கு குறிப்பிட வேண்டும்.

விடுதலை பெற்றபின் இவர் முதலில் வேண்டியது தம் உடலைப் பற்றியதாகும். வேற்றுச் சமயத்தில் இருந்த இந்த உடலோடு வாழ விரும்பவில்லை என்றும், அதன்மீது சிவனின் அடையாளம் பொறிக்கப்பட வேண்டும் என்றும் பெண்ணாகடத்துத் தூங்கானைமாடக் கோயிலில் வேண்டினார். தோளில் சூலக்குறியும் இடபக்குறியும் பொறிக்கப்பட்டன என்பது புராணம். உடலைப் பற்றிய இக்கவலை கயிலைப் பயணத்திலும் தொடர்வதைக் காணலாம்.

உழவாரப்படை

நாயனாரின் உருவச்சிலைகள் அனைத்திலும் ஒரு பொருள் தவறாமல் இடம்பெறும். அது உழவாரம் எனப்படும் புல் செதுக்கும் கருவி. நீண்ட காம்பின் முனையில் தட்டையான இரும்புத் தகடு பொருத்தப்பட்டது. மழித்த தலை, கூப்பிய கைகள், மார்பில் உருத்திராக்கம், தோளில் சாய்ந்த உழவாரம் என்பது சிற்ப மரபு. அரசரோ, ஞானியோ, புலவரோ ஏந்தும் பொருளன்று இது. வயலில் வேலை செய்பவர் கைக்கருவி. நெடும்பயணங்களில் இவர் சுமந்து சென்றதாக நூல்கள் கூறும் உடைமையும் இஃது ஒன்றே.

காவிரி நாட்டில்

தில்லையை வணங்கியபின் சீகாழிக்குச் சென்று திருஞானசம்பந்தரைச் சந்தித்தார். சம்பந்தர் அப்போது சிறுவர். அவர் இவரை அப்பர் என அழைக்க, அப்பெயரே வழக்கில் நிலைத்தது. அதன்பின் இவர் வாழ்வின் பெரும்பகுதி காவிரியின் இரு கரைகளிலும் கழிந்தது.

பாடல் பெற்ற தலங்களைப் பட்டியலிடுவோர் சோழநாட்டில் காவிரிக்கு வடகரையில் 63, தென்கரையில் 127 எனக் கணக்கிடுவது வழக்கம். வேறெங்கும் தலங்கள் இத்துணை நெருக்கமாக இல்லை. ஒரு கோயிலிற் காலை வழிபாட்டை முடித்தவர் வாய்க்கால் கரைவழியே நடந்து உச்சிப்பொழுதுக்குள் அடுத்ததை அடைந்துவிடலாம். மேடு பள்ளம் இல்லாத வண்டல் நிலம், எங்கும் நீர், ஊருக்கு ஊர் அன்னமிடும் அடியார்கள். நடப்பவருக்கு இதைவிட எளிய நாடு அமைவது அரிது. பிற்காலத்தில் அவர் சென்ற மலைவழியின் கடுமையை உணர இவ்வேறுபாட்டை மனத்திற் கொள்வது நல்லது.

திருவையாற்றுக்கு அருகிலுள்ள திங்களூரில் அப்பூதி அடிகள் என்னும் அந்தணர் வாழ்ந்தார். நாவுக்கரசரை நேரில் காணாமலே அவர்மீது பேரன்பு கொண்டிருந்த அவர், தம் பிள்ளைகளுக்கும் அறச்சாலைகளுக்கும் தண்ணீர்ப்பந்தலுக்கும் அப்பெயரையே இட்டிருந்தார். வழிநடையில் வந்த நாயனார் பந்தலில் தம் பெயரைக் கண்டு வியந்து, அதை வைத்தவர் வீட்டைத் தேடிச் சென்றார். விருந்துக்கு வாழைக்குருத்து அரியச் சென்ற மூத்த மகன் பாம்பு தீண்டி இறந்தான். விருந்து தடைபடக் கூடாதென்று பெற்றோர் அதை மறைத்தனர். உண்மையறிந்த நாயனார் பதிகம் பாடி அவனை உயிர்ப்பித்தார் என்பது வரலாறு.

கும்பகோணத்துக்கு அருகிலுள்ள திருச்சத்திமுற்றத்தில், தம் தலைமீது இறைவன் திருவடி படவேண்டும் என்று வேண்டினார். அவ்வேண்டுதல் திருநல்லூரில் நிறைவேறியது. திருவாரூரில் ஆதிரை விழாவைக் கண்டு, அதன் சிறப்பைத் திருப்புகலூரில் சம்பந்தருக்குப் பதிகமாகவே பாடிச் சொன்னார். அப்பதிகம் 7ஆம் நூற்றாண்டுத் திருவிழா ஒன்றை நேரிற் கண்டவர் தரும் வருணனை என்ற வகையில் வரலாற்று மாணவர்களுக்கும் பயன்படும்.

திருவீழிமிழலையில் இருவரும் தங்கியிருந்தபோது பஞ்சம் வந்தது. அடியார்களுக்கு உணவளிக்க இருவருக்கும் நாள்தோறும் ஒவ்வொரு பொற்காசு கோயிற் பீடங்களில் கிடைத்தது. சம்பந்தரின் காசுக்கு வாசி (வட்டம்) கழிக்கப்பட்டது; அப்பரின் காசு குறைவின்றி ஏற்கப்பட்டது. அப்பர் உடலால் கைத்தொண்டு செய்பவர் என்பதே இவ்வேறுபாட்டுக்குப் புராணம் சொல்லும் காரணம். சம்பந்தர் இறைவன் மகனாகக் கருதப்பட்டவர். சிறு வயதிலேயே முத்துச்சிவிகை பெற்று அதில் ஏறிச் சென்றவர். அப்பரோ முதியவராகியும் நடந்தே சென்றார்.

திருமறைக்காட்டில் (வேதாரண்யம்) இதே வேறுபாடு மறுதலையாக வந்தது. நெடுங்காலம் அடைத்துக் கிடந்த கோயிற் கதவைத் திறக்க அப்பர் ஒரு பதிகத்தையே பாட வேண்டியிருந்தது. சம்பந்தர் பாடத் தொடங்கியதும் கதவு மூடிக்கொண்டது. தாம் பாடியபோது நேர்ந்த தாமதம் அப்பரை வருத்தியது. அன்றிரவு கனவில் திருவாய்மூருக்கு வருமாறு இறைவன் அழைக்க, எழுந்து புறப்பட்டார். முன்னே ஓர் உருவம் சென்றது. எட்டிப் பிடிக்கும் தொலைவில் இருந்தும் எவ்வளவு விரைந்தும் அதை அடைய முடியவில்லை என்று புராணம் விவரிக்கிறது.

இன்னொரு நடை திருப்பைஞ்ஞீலியை நோக்கியது. காவிரிக்கு வடக்கே திருச்சிராப்பள்ளியை அடுத்துள்ள இத்தலத்துக்குச் செல்லும் வழியில் பசியாலும் நீர்வேட்கையாலும் நாயனார் தளர்ந்தார். அங்கு ஒரு சோலையும் குளமும் தோன்றின. பொதிசோற்றுடன் காத்திருந்த அந்தணர் ஒருவர் அவருக்கு உணவளித்து ஊர்வரை உடன் நடந்து மறைந்தார். அருஞ்செயல்கள் நிறைந்த நூலில் வெயிலும் பசியும் களைப்பும் இத்துணை இயல்பாகச் சொல்லப்படும் இடம் குறைவு.

கயிலைப் பயணம்

திருவண்ணாமலை, காஞ்சிபுரம் ஆகியவற்றை வணங்கிய நாயனார் வடக்கே திருக்காளத்தியை அடைந்தார். காளத்தி தென்கயிலாயம் எனப்படும் தலங்களுள் ஒன்று. அதைக் கண்டதும் வடகயிலையையே காணவேண்டும் என்ற வேட்கை பிறந்தது. திருப்பருப்பதம் (ஸ்ரீசைலம்) வழியாகத் தெலுங்கு நாடு, கன்னட நாடு, மாளவம், இலாடம், மத்திய நாடு ஆகியவற்றைக் கடந்து வாரணாசியை அடைந்ததாகச் சேக்கிழார் பாடுகிறார்.

இவ்வழியை நிலப்படத்தில் வைத்துப் பார்த்தால் ஓர் ஐயம் எழும். மாளவம் இன்றைய மத்தியப் பிரதேசத்தின் மேற்குப் பகுதி; இலாடம் குசராத்தின் தென்பகுதி. ஸ்ரீசைலத்திலிருந்து காசிக்குச் செல்பவருக்கு இவை நேர்வழியில் இல்லை. அக்காலத்தில் மக்கள் நடமாட்டம் மிகுந்த பெருவழி அவ்வாறு வளைந்து சென்றிருக்கலாம். அல்லது தாம் அறிந்த வடநாடுகளின் பெயர்களைப் புலவர் வரிசைப்படுத்தியிருக்கலாம். நிகழ்ந்ததை அறிய வழியில்லை. தொலைவைப் பற்றி மட்டும் ஐயமில்லை. திருவையாற்றிலிருந்து கயிலைக்கு நேர்க்கோட்டில் அளந்தாலே 2,200 கிலோமீட்டருக்கு மேல் வரும். நாளொன்றுக்கு 20 கிலோமீட்டர் ஓய்வின்றி நடந்தாலும், வளைவே இல்லாத அக்கோட்டைக் கடக்க நான்கு மாதங்கள் ஆகும்.

வாரணாசிவரை அடியார் கூட்டம் உடன் வந்தது. கங்கைக்கரையில் அவர்களை நிறுத்திவிட்டு நாயனார் தனியே மலைக்காட்டு வழியிற் புகுந்தார். அதுவரை உண்டுவந்த காய், கிழங்கு, சருகு ஆகியவற்றையும் கைவிட்டார். இரவிலும் நடந்தார். கொடிய விலங்குகள் அவரை அணுகவில்லை என்கிறது நூல்.

இதன்பின் வரும் பகுதி பெரிய புராணத்திலேயே மிகக் கடுமையானது எனலாம். முதலில் பாதங்கள் பரட்டுவரை தேய்ந்தன. நடக்க முடியாமற்போகவே கைகளை ஊன்றித் தவழ்ந்தார். கைகள் மணிக்கட்டுவரை தேய்ந்தன. பின்னர் மார்பால் உந்தி நகர்ந்தார். தசை நைந்து எலும்பு முறிந்தது. அதன்பின் புரண்டு சென்றார். உறுப்புகள் அனைத்தும் பயனற்றுப்போக, வழியிலேயே அசைவின்றிக் கிடந்தார். கால், கை, மார்பு, உடல் முழுவதும் என ஒவ்வொன்றாகக் கருவிகள் குறைவதைச் சேக்கிழார் வரிசையாகக் கூறுகிறார். உள்ளம் மட்டும் குறையவில்லை என்பதைக் காட்டவே இவ்வரிசை அமைந்துள்ளது.

அப்போது ஒரு முனிவர் அங்கு வந்தார். அருகில் ஒரு பொய்கையும் தோன்றியிருந்தது. இத்துணைத் துன்பப்பட்டு இக்காட்டில் வந்தது எதற்கு என்று முனிவர் வினவினார். கயிலையில் உமையொடு வீற்றிருக்கும் இறைவனைக் காண விரும்பி வந்ததாக நாயனார் விடையளித்தார். கயிலை மானிடர் அடையக்கூடியதன்று, தேவர்க்கும் அரியது, திரும்பிச் செல்வதே தக்கது என்றார் முனிவர். இறைவன் இருக்கையைக் கண்டாலன்றி, மாளும் இயல்புடைய இவ்வுடலைக் கொண்டு திரும்ப மாட்டேன் என்று நாயனார் மறுத்தார்.

முனிவர் மறைந்தார். எழுக என்னும் குரல் கேட்டது. நாயனார் ஊறு நீங்கிய உடலுடன் எழுந்தார். அப்போதும் அவர் கயிலைக் காட்சியையே வேண்டினார். அந்தப் பொய்கையில் மூழ்கி, திருவையாற்றில் அக்காட்சியைக் காணுமாறு பணிக்கப்பட்டது. ஐந்தெழுத்தை ஓதி மூழ்கியவர் திருவையாற்றிலுள்ள குளமொன்றில் எழுந்தார்.

மரபுப்படி பார்த்தால் அவர் கயிலை மலைக்குச் சென்று சேரவில்லை. முனிவர் சொன்னது பொய்க்கவுமில்லை. நாயனார் திரும்பி நடக்கவுமில்லை. இருவர் சொல்லும் நிற்குமாறு புராணம் இதை முடித்திருக்கிறது.

கயிலையின் இருப்பிடம் பற்றிச் சில செய்திகளை இங்கு குறிப்பிடலாம். திபெத்திலுள்ள இம்மலையின் உயரம் 6,638 மீட்டர். அருகிலுள்ள மானசரோவர் ஏரி ஏறத்தாழ 4,590 மீட்டர் உயரத்தில் உள்ளது. மலையைச் சுற்றிவரும் வழி சுமார் 52 கிலோமீட்டர். அதன் உச்சிக் கணவாய் 5,600 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தில் உள்ளது. இந்திய அரசு 1981 முதல் யாத்திரையை நடத்தி வருகிறது. 2020 முதல் 2024 வரை நடைபெறாத இந்த யாத்திரை 2025இல் மீண்டும் தொடங்கியது. 18 முதல் 70 வயது வரை உள்ளோரே விண்ணப்பிக்கலாம். மருத்துவச் சோதனையும் உண்டு. கடல்மட்டத்தோடு ஒட்டிய வயல்நாட்டிலிருந்து செல்பவருக்கு அங்கு மூச்சுவிடுவதே பெரும்பாடு என்பதால் இக்கட்டுப்பாடுகள் தேவையானவையே. நாயனார் இன்று விண்ணப்பித்திருந்தால் பெரும்பாலும் வயதின் காரணமாகவே நிறுத்தப்பட்டிருப்பார்.

திருவையாற்றுக் காட்சி

திருவையாறு தஞ்சாவூருக்கு வடக்கே சுமார் 13 கிலோமீட்டர் தொலைவில் காவிரிக்கரையில் உள்ளது. வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி ஆகிய ஐந்து ஆறுகளை ஒட்டி ஊர்ப்பெயருக்கு விளக்கம் கூறுவர். இங்குள்ள ஐயாறப்பர் கோயிலை நாயனார் முன்பே வணங்கியிருக்கிறார். திங்களூரிலிருந்து இது சிறிது தொலைவே.

குளத்திலிருந்து எழுந்து கோயிலை நோக்கி வந்தவர் கண்ணில், நிற்பனவும் இயங்குவனவுமாகிய உயிர்கள் யாவும் இணையிணையாகத் தோன்றின. அவற்றைச் சத்தியும் சிவமுமாகக் கண்டார். காந்தாரப் பண்ணில் அமைந்த, 4ஆம் திருமுறையின் 3ஆம் பதிகம் அப்போது பாடப்பட்டதாகும். அதன் 11 பாடல்களிலும் ஓர் இணை வருகிறது. யானை, கோழி, குயில், மயில், பன்றி, மான், நாரை, கிளி, மாடு என்று அவை தொடர்கின்றன. யானையை விட்டுவிட்டால் பெரும்பாலானவை காவிரிக்கரையில் நாள்தோறும் காணக்கூடியவை. நாரை வயலில் நிற்பது. மாடு வீட்டுக் கொட்டிலில் நிற்பது. ஒவ்வொரு பாட்டும் தாம் முன்பு கண்டிராததைக் கண்டதாக முடிகிறது.

அப்பதிகத்தில் கயிலை, முனிவர், பொய்கை ஆகியவை பற்றி நேர்க்குறிப்பு இல்லை. சுவடு படாமல் ஐயாற்றை அடைந்ததாக வரும் ஒரு தொடரையே உரையாசிரியர்கள் பயணக் கதையோடு இணைத்துக் காட்டுவர். வாழ்நாள் முழுதும் நடந்த ஒருவர் தம் அடிச்சுவடே இல்லாமல் ஓர் ஊரை அடைந்ததாகச் சொல்வது சிந்திக்கத்தக்கது. இப்பதிகம் கயிலைக் கதைக்குச் சான்றா, அல்லது பதிகத்தை விளக்கக் கதை வளர்ந்ததா என்பதில் ஒருமித்த முடிவுக்கு வருவது கடினம். பதிகம் ஒரு பெரும் அனுபவத்தைப் பேசுகிறது என்பதை இரு தரப்பினரும் மறுக்க இயலாது.

6ஆம் திருமுறையில் கயிலையைப் போற்றும் மூன்று திருத்தாண்டகப் பதிகங்களும் இவருடையவை. மேலும், இராவணன் கயிலையைத் தூக்க முயன்று அதன்கீழ் நசுங்கிய செய்தியைத் தம் பதிகங்களின் இறுதிப் பாடலில் வைப்பது இவர் வழக்கம். வயல்சூழ்ந்த ஊர்களைப் பாடும்போதும் அம்மலை அவர் பாடலில் இருந்துகொண்டே இருந்தது. மலையைக் காணும் வேட்கை காளத்தியில் திடீரெனத் தோன்றியதன்று எனக் கருத இடமுண்டு.

பயணத்துக்குப் பின்

கயிலைக் காட்சியோடு இவர் வாழ்வு முடியவில்லை. திருவையாற்றை அடுத்துள்ள திருப்பூந்துருத்தியில் திருமடம் ஒன்று அமைத்துத் தங்கினார். பாண்டிய நாட்டிலிருந்து திரும்பிய சம்பந்தர் இவரைக் காண அங்கு வந்தார். அவரை எதிர்கொள்ளச் சென்ற அப்பர், கூட்டத்துள் ஒருவராக மறைந்து சிவிகை தாங்குவோருடன் சேர்ந்துகொண்டார். ஊரருகே வந்ததும் அப்பர் எங்கே என்று சம்பந்தர் கேட்க, சிவிகையைச் சுமந்து வருவதாகக் கீழிருந்து விடை வந்தது. சம்பந்தர் பதறி இறங்கி வணங்கினார். மலைவழியில் தேய்ந்து மீண்ட உடலை அவர் மீண்டும் சுமை தூக்கவே பயன்படுத்தினார் என்பதைப் பலரும் கவனிப்பதில்லை.

பின்னர் மதுரை, இராமேசுவரம், திருநெல்வேலி ஆகிய இடங்களுக்கும் சென்று திரும்பினார். இறுதிக்காலத்தைத் திருப்புகலூரில் கழித்தார். அங்கு உழவாரத்தால் முற்றத்தைச் செதுக்கும்போது பொன்னும் மணியும் கிடைத்தன. அவற்றைக் கற்களோடு கற்களாகக் குளத்தில் எறிந்தார். 81 ஆண்டுகள் வாழ்ந்து, சித்திரை மாதச் சதய நாளில் அத்தலத்தில் இறைவனோடு கலந்தார் என்பது மரபு. அந்நாள் இவரது குருபூசை நாளாகக் கொண்டாடப்படுகிறது.

நினைவுகள்

தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் காலத்திலேயே நாவுக்கரசரின் செப்புத்திருமேனி வைக்கப்பட்டது. கோயில் நிருவாகியாக இருந்த ஆதித்தன் சூரியன் என்பவர் அதை அளித்த செய்தி கல்வெட்டில் உள்ளது. அக்கோயிலில் திருப்பதிகம் பாட 48 பிடாரர்களும், உடுக்கையும் மத்தளமும் வாசிக்க இருவரும் நியமிக்கப்பட்டனர். தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலில் பெரிய புராண நிகழ்ச்சிகளைக் காட்டும் சிறு சிற்பங்களில் இவர் வரலாறும் இடம்பெற்றுள்ளது.

திருவையாற்றுக் கோயில் வளாகத்தில் வடகயிலாயம், தென்கயிலாயம் எனத் தனித்தனிக் கோயில்கள் இரண்டு உள்ளன. வடகயிலாயத்தை முதலாம் இராசராசனின் அரசி உலோகமாதேவியும், தென்கயிலாயத்தை முதலாம் இராசேந்திரனின் அரசி பஞ்சவன்மாதேவியும் எடுப்பித்தனர். ஆடி அமாவாசையன்று அப்பர் கயிலைக் காட்சி விழா இங்கு நடைபெறுகிறது. காவிரியில் புதுநீர் வரும் பருவம் அது. சுற்றுவட்டார ஊர்களிலிருந்து மக்கள் வந்து ஆற்றில் நீராடி, முன்னோர்க்குக் கடன் செய்து, மாலையில் காட்சி கண்டு ஊர் திரும்புவர்.